ஆலங்குடாக் கரைக்கு ஒரு ஸ்பானியச் சொல்

நாலடி நீளப் பலகை. நீலம் பூசிக் காயவைத்தது. அதன் முன்னால் மணலில் குந்தியிருக்கிறேன். வலது கையில் பிரஸ். அதிலிருந்து வெள்ளைப் பெயின்ட் சொட்டுச் சொட்டாக என் சாரத்தில் விழுந்துகொண்டிருக்கிறது.

எனக்குப் பின்னால் மச்சான் நஸீர் நிற்கிறான், என் மனைவியின் தம்பி. அவனுக்குப் பின்னால் அவன் கடற்கரையில் போட்ட ஆறு ஓலைக் குடில்கள். குடில்களுக்குள் முந்தினநாள் ஸ்பெயினிலிருந்து வந்திறங்கிய பன்னிரண்டு பேர் காலைச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

"எழுதுங்களன் மச்சான்! ஸ்பானிஷ் தெரியும் தெரியும் என்டு ஊரெல்லாம் சொல்லிட்டு, இப்ப பலகையப் பாத்து ஓதிக்கிட்டு இரிக்கிறீங்க."

உண்மையிலேயே ஓதிக்கொண்டுதான் இருந்தேன். தெரிந்த துஆக்கள் எல்லாம் முடிந்து, இரண்டாவது சுற்று போய்க்கொண்டிருந்தது.

எழுத வேண்டியது ஒரே வசனம். அதில் எனக்குத் தகராறு ஒரே சொல்லோடு. அந்தச் சொல் பிழையானால் நஸீரின் ஆறு குடிலுக்கும் பூட்டு. சரியாக வந்தால் நான் மனிதன்.

சப்பாத்தில் தொடங்கிய புலமை

இந்தத் தொடரை இன்றைக்குத்தான் கையில் எடுத்தவர்களுக்காகச் சொல்கிறேன்: நான் வேன் ஓடுகிறவன். கட்டுநாயக்க விமான நிலையத்தில் ஆட்களை ஏற்றி, சிலாபம், புத்தளம் தாண்டி, ஆலங்குடாவில் கொண்டுவந்து இறக்குவது என் தொழில். அதற்கு முன்னால் சவூதியில் பத்து வருடம் ஓட்டினேன். ஸ்பானிஷ் படிக்க நான் எங்கும் போகவில்லை. ஸ்பானிஷ்தான் என்னைத் தேடி வந்தது.

ஒருநாள் வேனில் வந்த ஒரு ஸ்பானியன், இறங்கும்போது காலணியைச் சீட்டுக்கடியில் விட்டுவிட்டான். நான் அதைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடி, "தம்பி, சப்பாத்து! சப்பாத்து!" என்று கத்தினேன். அவன் திரும்பிப் பார்த்துக் கண்ணை விரித்து, "சப்பாத்தோ!" என்றான். கட்டிப்பிடித்து முத்தமும் கொடுத்தான்.

போர்த்துக்கேயர் வந்து போனபோது பாண், அலுமாரி என்ற சொற்களை மட்டுமா விட்டுப் போனார்கள்? அவர்களின் பக்கத்து வீட்டுக்காரர்தானே ஸ்பானியர். மேசையைக் காட்டி மேசை என்றேன். அவன் "மேசா!" என்றான். அன்றைக்கு எனக்கு ஒன்று உறுதியானது. ஸ்பானிஷ் என்பது நாங்கள் வீட்டில் பேசுவதுதான், கொஞ்சம் அவசரமாகப் பேசினால் போதும்.

கதிரையைக் காட்டிக் கதிரை என்றேன். அவன் தலையைச் சொறிந்தான். அந்தப் பகுதியை ஊருக்கு நான் சொல்லவில்லை.

பிறகு ஒவ்வொரு ஓட்டத்திலும் இரண்டு சொல், மூன்று சொல் சேர்ந்தது. ஸ்பானியர் எல்லாரும் என் வேனில் ஏறியதும் "தெஸ்பாசியோ, தெஸ்பாசியோ" என்பார்கள். என் ஓட்டத்தைப் புகழ்கிறார்கள் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் மிதிப்பேன். அது 'மெதுவாகப் போ' என்று அறிய எனக்கு இரண்டு சீசன் எடுத்தது.

சம்மாட்டியின் தீர்ப்பு

இனி அந்த வசனத்துக்கு வருவோம்.

ஆலங்குடாக் கரையில் இரண்டு கூட்டம் இருக்கிறது. ஒன்று, கடலில் வளைத்துப் போட்ட வலையைக் கரையில் நின்று கயிற்றால் இழுக்கிற கரைவலைக்காரர். இன்னொன்று பட்டக்காரர். காலில் பலகையைக் கட்டி, இடுப்பில் கொளுவிய நாலு நூலின் மேல் முனையில் பெரிய பட்டம் ஒன்றைப் பறக்கவிட்டுக் கடலில் சறுக்குகிற வெள்ளைக்காரருக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர்.

கரைவலையின் முதலாளி அந்தோனி சம்மாட்டி. வள்ளமும் வலையும் அவருடையவை. இழுக்கிறவர்கள் இருபத்தைந்து பேர். அவர்களின் வீட்டு அடுப்பு அந்த வலையை நம்பித்தான் எரிகிறது.

பட்டக்காரர் வலைக்குள் போகக்கூடாது என்று நஸீர் முன்பே ஒரு பலகை வைத்திருந்தான், இங்கிலீஷில். 'லைனைக் கடக்க வேண்டாம்' என்று. லைன் என்று அவன் நினைத்தது வலைக் கயிற்றை. கடந்த கூட்டத்தில் வந்த ஒரு ஸ்பானியன் அந்தப் பலகையின் முன்னால் நின்று, போனில் அதை மொழிபெயர்த்து, கவனமாக வாசித்து, தலையாட்டி, நேரே போய் வலையின் நடுவில் விழுந்தான்.

அவனுடைய நாலு நூலும் வலையின் மிதப்புகளில் சுற்றிக்கொண்டன. அவனை எடுக்க இழுவையை நிறுத்த வேண்டியதாகப் போய்விட்டது. நிறுத்தினால் வலையின் அடி தொய்யும், ஒரு பக்கம் தூக்கும். மீன் எல்லாம் வந்த வழியே போய்விட்டது. அன்றைக்குக் கரைவலையில் அகப்பட்டது அந்த ஸ்பானியன் ஒருத்தன்தான்.

அவனிடம் கேட்டால், "நான் யாருடைய லைனையும் கடக்கவில்லையே" என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்கிறான். அவன் பொய் சொல்லவில்லை. பட்டக்காரருக்கு லைன் என்றால் பட்டத்து நூல். ஒருவன் நூலை இன்னொருவன் நூல் வெட்டக்கூடாது என்பது அவர்களின் முதல் சட்டம். பலகையை அவன் ஒரு எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்திருக்கிறான்.

அடுத்த நாள் சம்மாட்டி குடிலுக்கு வந்தார். உட்காரவில்லை.

"நஸீர், உங்கட பிழைப்புல மண் போட எனக்கு விருப்பமில்ல. ஆனா இன்னொருக்கா ஒருத்தன் என்ட வலைக்க விழுந்தானெண்டா, பாஸ்கு வரைக்கும் இந்தக் கரையில ஒரு பட்டமும் ஏறாது. என்ட ஆக்கள் ஏற விடமாட்டாங்கள். நானும் தடுக்க மாட்டன்."

பாஸ்கு என்றால் ஈஸ்டர். அதுவரைக்கும் என்றால் சீசன் முழுக்க. நஸீரின் முகம் வெளிறிவிட்டது. அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டு தேநீர் குடித்திருக்க வேண்டிய ஒருவர் அங்கே இருந்தார். அவர் எழும்பிச் சொன்னார்:

"சம்மாட்டி, யோசிக்காதீங்க. அடுத்த கூட்டமும் ஸ்பானியர்தான். நான் ஸ்பானிஷிலேயே எழுதிப் போடுறன்."

அவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு லைனுக்கு எத்தனை சொல்

அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு வீட்டில் உட்கார்ந்து, போனில் அகராதியைத் திறந்து 'லைன்' என்று அடித்தேன். ஒரு சொல் வரும், எழுதிக்கொண்டு போகலாம் என்று ஒரு பேப்பரும் பேனையும் எடுத்து வைத்திருந்தேன். வந்தது ஒரு குடும்பம்.

கோடு என்றால் ஒரு சொல். கயிறு என்றால் இன்னொரு சொல். கப்பல்காரன் கயிற்றுக்கு வேறு. தூண்டில் நூலுக்கு வேறு. கடையில் வரிசையாக நிற்கிற லைனுக்கு 'கோலா' என்று போட்டிருந்தது. அது சோடா என்றுதானே நான் இவ்வளவு காலமும் நினைத்தேன். முகத்துச் சுருக்கத்துக்குக்கூட ஒரு சொல் இருந்தது.

மனைவி ரிஸ்வானா எட்டிப் பார்த்தாள்.

"என்ன, வேர்த்துக் கொட்டுது?"

"லைன் தேடுறன்."

"இந்த வயசுலயா?"

எங்கள் ஊரில் லைன் என்றால் அவள் நினைத்ததும் ஒன்று. நல்லவேளை, அகராதியில் அது இல்லை.

இங்கிலீஷ்காரன் ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இத்தனை வேலை வாங்கியிருக்கிறான். ஸ்பானியன் ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி ஆள் வைத்திருக்கிறான். எனக்கு எந்த ஆள் வேண்டும் என்பதுதான் கேள்வி. எனக்கோ ஒருத்தரையும் முகம் தெரியாது.

நாலு பூச்சு

ஆகவே, அடுத்த கூட்டம் வந்திறங்கிய மறுநாள் காலையில், பலகையின் முன்னால் குந்தியிருந்தேன்.

முதலில் 'லீனெயா' என்று எழுதினேன். எழுதி முடித்ததும்தான் விளங்கியது, அந்த வலையில் விழுந்த ஸ்பானியனின் போன் காட்டியதும் இதே சொல்தான். அழித்தேன்.

'குவெர்தா' என்று எழுதினேன். கயிறு. பிறகு போனில் பார்த்தால் கிற்றார் தந்திக்கும் அதே சொல். கடற்கரையில் யாரோ கிற்றார் வாசிக்கிறான், தொடாதே என்று நினைத்தால்? அழித்தேன்.

'காபோ' என்று எழுதினேன். கப்பல்காரன் கயிறு. இது சரி. நெஞ்சு நிமிர்ந்தது. எழும்பி நின்று தூரத்தில் இருந்து பார்த்தேன். நஸீரும் பார்த்தான்.

"இது கயிறா மச்சான்?"

"ஓம். கடல்ல பாவிக்கிற கயிறு. நம்பர் வண்."

"அது சரி. ஆனா கயிறு எங்க தெரியுது?"

திரும்பிக் கடலைப் பார்த்தேன். சம்மாட்டியின் வள்ளம் அதிகாலையே வலையைப் போட்டுவிட்டு வந்திருந்தது. கரையில் இரண்டு இடத்தில் இரண்டு கயிற்று முனை. இரண்டுக்கும் நடுவில் நல்ல தூரம். கயிறு மணலில் கொஞ்சத் தூரம் போய்த் தண்ணீருக்குள் இறங்குகிறது, அவ்வளவுதான். அதற்கு அப்பால் வெறும் கடல். கண்ணுக்குத் தெரியாத கயிற்றை எப்படிக் கடக்காமல் இருப்பது?

அழித்தேன். பலகையில் இப்போது நீலமும் வெள்ளையும் கலந்து, மூன்று சொல்லும் ஒன்றின்மேல் ஒன்று பேய் மாதிரித் தெரிந்தன. நான் கோபத்தில் நாலாவதாக 'ரெட்' என்று எழுதினேன், வலை என்று. கரையோரமாக நடந்துபோன இங்கிலீஷ்காரன் ஒருவன் வந்து பார்த்துவிட்டு, பலகை நீலம் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனான்.

அப்போதுதான் குடில்களின் கதவுகள் திறந்தன. காற்று எழும்பியிருந்தது. பன்னிரண்டு ஸ்பானியரும் பட்டப் பைகளை முதுகில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்கள்.

கயிற்றில் கை

பயத்தில் மனிதனுக்கு என்ன வருமோ அது எனக்கு வந்தது. ஓடிப்போய்க் கையை விரித்து அவர்களை மறித்து, கடலைக் காட்டி, தெரிந்த ஸ்பானிஷை எல்லாம் கொட்டினேன்.

"லீனெயா! குவெர்தா! மேசா! சப்பாத்தோ! தெஸ்பாசியோ!"

மேசை, சப்பாத்து, மெதுவாக. அவர்கள் என்னை அன்போடு பார்த்தார்கள். ஒருத்தி தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள்.

சம்மாட்டி இதையெல்லாம் கயிற்று முனையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இழுவை தொடங்கும் நேரம். அங்கிருந்தே என்னை 'நானா', அதாவது அண்ணன், என்று கூப்பிட்டுக் கத்தினார்:

"நானா! அவங்களோட என்ன கதை? கையை வைக்கச் சொல்லுங்க!"

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் கரையில் வலை இழுக்கும்போது வழியில் போகிறவன் யாராக இருந்தாலும் கயிற்றில் கை வைத்து இழுக்கலாம். யார் எவர் என்று கேட்பதில்லை. வைத்தவனுக்குக் கடைசியில் கறிக்கு மீன் உண்டு. பள்ளிவாசல்துறையில் இருந்து வந்தவனோ கொழும்பில் இருந்து வந்தவனோ, அதில் வித்தியாசம் இல்லை. ஆனால் இத்தனை வருடத்தில் ஒரு வெள்ளைக்காரனையும் யாரும் கூப்பிட்டதில்லை. அவர்களுக்கு மீன் தேவை இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

நான் பேச்சை விட்டேன். ஒரு ஸ்பானியனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்க் கயிற்றில் வைத்தேன். மற்றவர்கள் சிரித்துக்கொண்டு பைகளை மணலில் போட்டுவிட்டு வந்தார்கள்.

பட்டம் பிடித்த கைகள்தானே, நல்ல பலம். ஆனால் எல்லாரும் கையால் இழுத்தார்கள். கரைவலையைக் கையால் இழுத்தால் கால் மணித்தியாலத்தில் தோள் போய்விடும். எங்கள் ஆட்கள் கயிற்றை இடுப்பில் அணைத்து, உடம்பைச் சாய்த்து, பின்னால் நடப்பார்கள். மேட்டுக்கு வந்ததும் கடைசி ஆள் கயிற்றை விட்டுவிட்டுத் திரும்பத் தண்ணீருக்கு ஓடி, முன்னால் பிடிப்பான்.

அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருத்தி, ஐம்பத்தைந்து வயது இருக்கும், குட்டைத் தலைமயிர், பெயர் லோலா. அவள் மட்டும் கயிற்றை இடுப்பில் வைத்தாள். சாய்ந்தாள். பின்னால் நடந்தாள். மேட்டுக்கு வந்ததும், ஒருவரும் சொல்லாமலே, கயிற்றை விட்டுவிட்டுத் தண்ணீருக்கு ஓடினாள்.

வலை இழுக்கிறவர்களின் பாட்டான அம்பாவைப் பாடிக்கொண்டிருந்தவர்கள் பாட்டை நிறுத்திவிட்டார்கள்.

"இந்த அம்மாக்கு வேல தெரியும்," என்றார் சம்மாட்டி.

லோலா சொன்ன சொல்

வலையின் மடி, அதாவது மீன் சேருகிற பை, கரையைத் தொட்டபோது லோலா முழங்கால் தண்ணீரில் நின்று, "கோபோ! எல் கோபோ!" என்று கத்தினாள். உள்ளே சாளையும் நெத்தலியும் வெள்ளியாகத் துள்ளின. மடியைக் கண்டதும் எங்கள் ஆட்கள் எப்படிக் கத்துவார்களோ, அதே கத்தல்.

கூட்டத்தில் இங்கிலீஷ் தெரிந்த ஒரு பெடியன் இருந்தான், மத்ரித்காரன், பெயர் பாப்லோ. அவனைப் பிடித்தேன். அகராதி என்னைக் கேட்கவிட்ட கேள்வி, லைனுக்கு ஸ்பானிஷில் என்ன என்பது. அந்தக் கேள்வியே பிழை என்று அந்த மடியைப் பார்த்தபோதுதான் உறைத்தது. எனக்கு வேண்டியது கயிற்றின் பெயரும் அல்ல, கோட்டின் பெயரும் அல்ல.

"அவவிட்டக் கேள்," என்றேன். "இந்த வேலைக்கு அவட ஊர்ல என்ன பேர்? கயிறு, வலை, வள்ளம், கடல், இழுக்கிற ஆள், எல்லாம் சேத்து."

லோலா யோசிக்கவே இல்லை.

"ஹாபெகா," என்றாள்.

மாலாகா பக்கத்துக் கடற்கரை அவளுடைய ஊர். சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டதும் கயிற்றில் கை வைத்திருக்கிறாள். அங்கேயும் கை வைத்தவருக்கு மீன் கொடுப்பார்களாம்.

ஹாபெகா. நான் அதை வாய்க்குள் உருட்டிப் பார்த்தேன். எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. சவூதியில் போனில் சிக்னல் இல்லாவிட்டால் எல்லாரும் "மாஃபி ஷபக்கா" என்போம். ஷபக்கா என்றால் அரபியில் வலை. ஜித்தா கடற்கரையில் மீன் வலைக்கும் அதைத்தான் சொன்னார்கள். பிற்பாடு விசாரித்ததில் அந்த ஸ்பானியச் சொல்லே அரபியில் இருந்து போனதுதான் என்று தெரிந்தது. நான் பத்து வருடம் வாயில் வைத்திருந்த சொல்லின் மகளைத்தான் இவ்வளவு நேரமும் நாலு பூச்சுப் பூசித் தேடியிருக்கிறேன்.

பத்துப் பேருக்கு விளங்காத சொல்

பிரஸ்ஸை எடுத்தேன். நஸீர் கையைப் பிடித்தான்.

"மச்சான், கொஞ்சம் நில்லுங்க. இந்தப் பாப்லோக்கு அந்தச் சொல் தெரியாதாம்."

பன்னிரண்டு பேரையும் வரிசையாகக் கேட்டோம். இரண்டு பேருக்குத்தான் ஹாபெகா தெரிந்திருந்தது. மற்றப் பத்துப் பேரும் கடல் இல்லாத ஊர்க்காரர். உதட்டைப் பிதுக்கினார்கள்.

"பத்துப் பேருக்கு விளங்காத சொல்ல எழுதி என்ன செய்ய? ரெட் என்டே போடுங்க. வலை என்டா எல்லாருக்கும் விளங்கும்."

நியாயமான பேச்சு. ஒரு நிமிடம் எனக்கும் கை தளர்ந்தது. பிறகு அந்த வலையில் விழுந்தவனை நினைத்தேன். பலகையின் முன்னால் நின்று எப்படித் தலையாட்டினான்!

"நஸீர், லைன் என்டது எல்லாருக்கும் விளங்கிச்சி. விளங்கினதாலதான் அவன் போய் விழுந்தான். விளங்கிட்டு என்டு நினைக்கிறவன் நிக்க மாட்டான். விளங்காதவன்தான் நின்டு கேப்பான். எனக்கு அவன் நிக்கணும்."

நஸீர் என்னைப் பார்த்த பார்வையில் முதல்முறையாகக் கொஞ்சம் மரியாதை இருந்தது. அதை ஃபோட்டோ எடுத்து வைக்காமல் விட்டது என் பிழை.

பலகையை முழுக்க நீலம் பூசிக் காயவைத்து, நடுவில் ஒரே சொல்லைப் பெரிதாக எழுதினேன்: ஹாபெகா. கீழே சின்னதாக, லோலா சொல்லித்தந்த இன்னொரு சொல்: 'பிரெகுந்தே'. கேளுங்கள் என்று பொருள். ஹாபெகாவின் முதல் எழுத்து 'ஜே' என்று அவள் சொல்லியிருக்காவிட்டால் அதையும் ஒருமுறை அழித்திருப்பேன்.

சம்மாட்டி வந்து பார்த்தார். "என்ன எழுதியிருக்கு, நானா?"

"உங்கட வலைட பேர், சம்மாட்டி. ஸ்பானிஷில."

பலகைக்கு இன்னும் கிட்ட வந்தார்.

"என்ட வலைக்கு அங்கயும் பேர் இருக்கா?"

"ஓம்."

"பெருசா எழுதினது நல்லம்," என்றுவிட்டுப் போனார். பட்டம் ஏறலாமா, ஏறக்கூடாதா என்று மட்டும் சொல்லவில்லை.

அடுத்த கூட்டம்

லோலாவின் கூட்டம் பத்து நாளில் போனது. அவள் இருந்தவரை பயம் இல்லை. வலை கடலில் இருந்தால் அவளே மற்றவர்களை அதட்டிக் கரையில் இருத்திவிடுவாள். உண்மையான சோதனை அடுத்த கூட்டம். எட்டுப் பேர். எல்லாரும் நாட்டின் நடுப்பகுதிக்காரர், வலை என்ன நிறம் என்று கேட்கிற ரகம். நான்தான் வேனில் கொண்டுவந்து இறக்கினேன். வழியில் வேண்டுமென்றே ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் பலகைக்கு என்ன வேலை?

மறுநாள் காலை நல்ல காற்று. வலை கடலில். நான் வேனுக்குள் உட்கார்ந்து, ஸ்டீயரிங்கைக் கட்டிப்பிடித்தபடி பார்த்தேன். பக்கத்தில் நஸீர். அவன் நகம் கடித்தான். என்னுடையதையும் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன்.

முதல் பட்டக்காரன் பலகைக்கு வந்தான். வாசித்தான். நின்றான். போனை எடுத்தான். போனைத் தூக்கித் தூக்கிச் சிக்னல் தேடினான். கிடைக்கவில்லை. இரண்டாமவனைக் கூப்பிட்டான். மூன்றாவது ஆளும் வந்தாள். எட்டுப் பேரும் பலகையைச் சுற்றி நின்று ஒருவரையொருவர் கேட்டார்கள். ஒருவருக்கும் தெரியவில்லை.

பிறகு எட்டுப் பேரும் பட்டங்களை மணலில் மடித்து வைத்துவிட்டு, கரையில் நின்ற ஆட்களிடம் நடந்தார்கள். முன்னால் போனவன் கையை விரித்து, "ஹாபெகா?" என்று கேட்டான்.

இருபத்தைந்து பேரும் ஒரே நேரத்தில் கடலைக் காட்டினார்கள். ஒருவன் கயிற்றைத் தூக்கிக் காட்டினான். சம்மாட்டி தலையை அசைத்து வா என்றார். எட்டுப் பேரும் கை வைத்தார்கள்.

நஸீர் என் தோளில் முகத்தைப் புதைத்துவிட்டான். அழுதானா சிரித்தானா என்று எனக்குத் தெரியாது. என் கண்ணிலும் ஏதோ மண்.

மடி கரைக்கு வந்து, மீன் கூடைகளில் ஏறி, கடைசித் துண்டு வலையும் மணலில் விழுந்தபோது பகல் ஏறியிருந்தது. ஸ்பானியர் கறிமீன் பைகளோடு ஓரமாக நின்றார்கள். பட்டத்தைத் தொடவில்லை. சம்மாட்டியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

நான் வேனை விட்டு இறங்கி ஓடினேன். இனி மொழிபெயர்க்க வேண்டுமே, அதற்குத்தானே நான். மூச்சு வாங்க வாங்க இடையில் போய் நின்று தொண்டையைச் செருமினேன்.

சம்மாட்டி என்னைத் தாண்டி அவர்களைப் பார்த்து, இரண்டு கையையும் வானத்துக்கு வீசினார்.

"ஹாபெகா முடிஞ்சு! போங்க, போய்ப் பறங்க!"

எட்டுப் பேரும் கூவிக்கொண்டு ஓடினார்கள். கொஞ்ச நேரத்தில் ஆலங்குடா வானத்தில் எட்டுப் பட்டம் ஏறியது. என்ன சொன்னார் என்று ஒருவர்கூட என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்கவில்லை.